கடதாசி கைக்கு வந்த நாள்

சபையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்த களைப்போடு நேரே இங்கே வந்திருக்கும் இளையவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இலவச சட்ட உதவி என்றவுடன் நமது மனக்கண்ணில் தோன்றுவது, கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணி ஒருவர் காசு வாங்காமல் நமக்காக எழுந்து நின்று வாதாடும் காட்சியே. அக்காட்சி பொய்யன்று. ஆயினும், கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் வனாத்தமுல்லையிலிருந்தும் வருகின்றவர்களின் கடதாசிகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தரணி எழுந்து நிற்பதற்கு முன்பே பல வழக்குகள் முடிந்துபோய்விடுகின்றன. கடதாசி வீட்டுக்கு வந்த நாளுக்கும், அதை விளங்கிய ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டிய நாளுக்கும் இடையில் கழிந்த காலத்திலேயே உரிமை கைநழுவிப் போகிறது. என் பேச்சு முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

ஒரு தாயார் என்னிடம் வந்தார். அயல்வீட்டுக்காரர் வாங்கிய கடனுக்குப் பிணை நின்றவர். கையில் பொலித்தீன் பை ஒன்று. அதற்குள் மூன்று வருடத்துக் கடதாசிகள். மேலே தண்ணீர் பில், நடுவில் பிள்ளையின் தடுப்பூசி அட்டை, அடியில் மாவட்ட நீதிமன்றத்தின் அழைப்பாணை. அது சிங்களத்தில் இருந்தது. முத்திரை பதித்திருந்ததால் பத்திரமாக வைக்க வேண்டிய கடதாசி என்று மட்டும் விளங்கிக்கொண்டு, பத்திரமாகவே வைத்திருந்தார். வழக்குத் தவணைக்கு அவர் போகவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்பட்டு, அந்தத் தீர்ப்பாணையும் அவரிடம் சேர்ப்பிக்கப்பட்டு, அதே பைக்குள் போய்விட்டது. கடனில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்ததற்கான பற்றுச்சீட்டுகளும் அங்கேயே இருந்தன என்பதுதான் மனத்தை வருத்தியது. தீர்ப்பாணையும் பற்றுச்சீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் சேர்த்து வாசிக்க ஆளில்லை.

1889 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, இப்படி ஒருதலைப்பட்சமாகத் தோற்றவருக்கும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, வராமற்போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால், அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டு வழக்கை மீண்டும் விசாரிக்கலாம். அந்தத் தாயார் என்னிடம் வந்தது 23 ஆவது நாளில். அந்த நிலையில் எத்தனை பெரிய சட்டத்தரணியை இலவசமாக அமர்த்திக் கொடுத்தாலும் அவர் செய்யக்கூடியது மிகச் சொற்பம். பதினான்கு நாட்களுக்குள் அதை வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவர் அதே ஒழுங்கையில் இருந்திருந்தால், அவர் சட்டத்தரணியாகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை.

இங்கே மொழியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என்று கூறிவிட்டு, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள மாகாணங்களுக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகளும் நடவடிக்கைகளும் சிங்களத்தில் இருக்கும் என்று கூறுகிறது. ஆகவே கொழும்பில் நமக்கு வரும் கடதாசி சிங்களத்தில் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதே உறுப்புரை, வழக்காளி ஒருவர் தமிழிலேயே வழக்கைத் தொடங்கலாம், தமிழிலேயே ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம், நீதிமன்றத்தில் வழங்கும் மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசே வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. மன்றில் நின்று எதுவும் விளங்காமல் தலையசைத்துவிட்டு வருகின்ற நம்மவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். "எனக்குச் சிங்களம் விளங்கவில்லை, மொழிபெயர்த்துத் தாருங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அரசியலமைப்பு தந்திருக்கும் உரிமை.

இனி, உதவி எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமையகம் புதுக்கடையில், நீதிமன்றங்கள் சூழ்ந்த அதே இடத்தில் இருக்கிறது. கிளைகள் நாடெங்கும் நீதிமன்றங்களை அண்டி இயங்குகின்றன. (புதுக்கடையின் ஆங்கிலப் பெயரான ஹல்ஸ்டொர்ப், 1656 இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஹல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயரிலிருந்து வந்தது. நம்முடைய மக்களுக்கோ அது கடன்காரரும் காணிச் சண்டையும் ஏறி இறங்கும் இடம் மட்டுமே.) வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை கிடைக்கும், தாபரிப்பு (மனைவி பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவுக்கான பணம்), விவாகரத்து, காணி, வாடகை முதலிய விடயங்களில் சட்டத்தரணியும் கிடைப்பார். வறியவர் வழக்காட வழி வேண்டும் என்ற எண்ணம் 1978 இல் திடீரென்று முளைத்ததன்று. நான் முன்பு சொன்ன 1889 ஆம் ஆண்டுச் சட்டக்கோவையிலேயே, முத்திரைச் செலவுக்கு வழியற்றவர் வறியவராக வழக்குத் தொடர்வதற்கென்று தனி அத்தியாயம் உண்டு.

ஆணைக்குழுவைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்தக் கதவை எட்டுவது எளிதென்றும் சொல்லமாட்டேன். நாட்சம்பளக்காரர் ஒருவர் வருமானச் சான்று பெறக் கிராம உத்தியோகத்தரைத் தேடி ஒரு நாள், சான்றுடன் புதுக்கடைக்குப் போக ஒரு நாள், குறைந்த கடதாசியை எடுத்துவர இன்னொரு நாள் என்று மூன்று நாட்கூலியை இழந்த பிறகுதான் அந்த இலவசம் அவருக்குக் கிட்டுகிறது. அலுவலக நேரத்தில் மட்டும் கிடைக்கும் உதவி, அலுவலக நேரத்தில் வேலைக்குப் போகின்றவனுக்கு உதவியாகாது. இப்படியான மண்டபங்களில், கோயில் மடங்களில், பள்ளிவாசல் முற்றங்களில், தேவாலயக் கூடங்களில், மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு மேசை போட்டுக் கடதாசி வாசிக்கும் வேலை நடக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனாலேயே.

சம்பள விடயத்தில் நாட்களின் கணக்கு இன்னும் கடுமையானது. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், தொழிலாளரும் வேலைக்காரரும் தமக்கு வரவேண்டிய கூலிக்கு, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும் என்கிறது. மலையகத்திலிருந்து வந்து கறுவாத்தோட்டத்து வீடுகளில் சமைத்துத் துவைத்துக்கொடுக்கும் பெண்கள், "அம்மா சேர்த்து வைத்துத் தருவார்" என்று இரண்டு மூன்று வருடம் காத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நம்பிக்கையைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வருட சேவைக்குப் பணிக்கொடை தரும் 1983 ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டு வேலைக்காரரை வெளியே நிறுத்தியிருக்கிறது. இது ஒரு பெரிய அநியாயம் என்பது என் அபிப்பிராயம். கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர் நிறுத்தப்பட்டால், தொழில் நியாயசபைக்கு ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி திரும்பக் கூப்பிடுவார் என்று ஏழு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதோடு சேர்ந்த தவறு ஒன்று உண்டு. "பொலிஸில் என்ட்ரி போட்டுவிட்டேன்" என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பொலிஸ் முறைப்பாடு குடியியல் வழக்காகாது. அது காலவிதிப்பின் கடிகாரத்தை நிறுத்தாது. குடியிருந்த இடத்திலிருந்து உங்களை ஒருவர் பலவந்தமாக வெளியேற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் மீண்டும் அங்கே குடியேற வேண்டுமென்றால், வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். என்ட்ரியின் பிரதி உங்கள் கையில் இருப்பது போதாது.

வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொழும்பின் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வீடுகள் வெள்ளைக் கடதாசியில் கைமாறுகின்றன. சற்றுக் கவனமானவர்கள் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியோ வீடோ கைமாறுவதானால் பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் உறுதி எழுதப்பட வேண்டும். ஏறத்தாழ இருநூறு வருடப் பழமையான விதி இது. இருந்தும், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய வீட்டுக்குச் சமாதான நீதவானின் முத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். நிலம் அரசுக்குரியதாக இருந்தால் நிலைமை இன்னும் இக்கட்டானது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்து, அதில் குறித்த நாள் கடந்தால், விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீங்கள் காட்டக்கூடியது, அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம் ஒன்றை மட்டுமே. நாற்பது வருட மின்பட்டியலையும் வாக்காளர் இடாப்பையும் கொண்டுபோய் நீதவானின் முன் அழுவதால் பயனில்லை. பேசவேண்டிய காலம், அறிவித்தலில் உள்ள நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும் காலமே. மாற்றுவீடு, நட்டஈடு, மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பரிகாரம் ஆகியவற்றைப் பற்றி ஒரு சட்டத்தரணி யோசிக்கக்கூடிய வேளை அதுதான்.

தாபரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இதில் வழி நேரானது. கணவன் விட்டுப்போய்விட்டால் முதலில் விவாகரத்து எடுக்க வேண்டும் என்று பெண்கள் நம்புகிறார்கள், தேவையில்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். திருமணப் பதிவு இல்லாத தாயின் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

சிறு பணத் தகராறுகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியஸ்த சபைக்கே முதலில் போக வேண்டியிருக்கும். அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை என்பது ஏழைக்குச் சாதகம். எதிரே இருப்பவர் பேச்சு வல்லவராக இருந்தால் பாதகம். இணக்கப் பத்திரத்தில் உள்ள தொகையையும் தவணையையும் உங்கள் மொழியில் ஒருவர் வாசித்துக் காட்டும் வரை கையொப்பமிடாதீர்கள்.

பேச்சு முடிந்ததும் அந்த மூலையில் மேசை போடப்படும். நானும் இரண்டு இளம் சட்டத்தரணிகளும் ஒன்பது மணி வரை இருப்போம். தொகுத்துக் கொண்டுவர வேண்டியதில்லை, பையோடு கொண்டுவாருங்கள். திறக்காத கடித உறை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், அது எந்த நாளில் வந்தது என்று நினைவிருந்தால் பென்சிலால் உறையின் பின்புறத்தில் எழுதி வைத்துவிடுங்கள். முதலில் நாங்கள் பார்க்கப்போவது அந்தத் திகதியைத்தான்.