அலமாரி நிறைய இருக்கு, ஆனாலும் புதுசு ஏன் வாங்குறோம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன பேச்சுக்கு வந்த கேள்வி நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் இன்னிக்குப் பதில் சொல்ல முடியாது, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன். மன்னார்குடி பக்கத்துலேந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க எழுதினத அப்படியே படிக்கிறேன்:

"சார், வீட்டுல படிக்காத புத்தகம் ஒரு அலமாரி இருக்கு. இருந்தும் புதுப் புத்தகத்தப் பாத்தா கை நிக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர், 'இருக்கறத மொதல்ல படிச்சு முடி, அப்புறம் வாங்கலாம்'ங்கறார். அதனால இப்பல்லாம் வாங்கிட்டு வந்து அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வெக்கிறேன். இது வியாதியா சார்?"

வாய்விட்டுச் சிரிச்சேம்மா. எங்க வீட்டுல படிச்சுக் காட்டினா, அவங்க சிரிக்கல. "நீங்க எங்க ஒளிக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. அது தனிக் கதை, விடுங்க.

வியாதி இல்ல. உங்க வீட்டுக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு, இல்லேங்கல. பணம் அவரோடதும்தானே. ஆனா அந்தச் சட்டத்த நம்ம தஞ்சாவூர்ல ஒருத்தர்கிட்ட யாராவது சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? சரபோஜி மகாராஜா. 1798லேந்து 1832 வரைக்கும் பட்டத்துல இருந்தவர். பேருக்குத்தான் பட்டம். 1799ல கிழக்கிந்தியக் கம்பெனியோட ஒப்பந்தம் ஆச்சு. அதுக்கப்புறம் கோட்டையும் கொஞ்சம் சுத்துவட்டாரமும்தான் அவருக்கு மிஞ்சிச்சு. ராஜ்யம் கை விட்டுப் போன மனுஷன் என்ன பண்ணினார்? புத்தகம் வாங்கினார். நாயக்கர் காலத்துலேந்து அரண்மனைல இருந்த சுவடிச் சேகரிப்பு போதாதுன்னு, காசி யாத்திரை போனப்ப அங்கேருந்தும் சுவடி சேர்த்துக்கிட்டு வந்தார். கப்பல்ல வந்த ஐரோப்பியப் புத்தகமே 4000க்கு மேல. இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன்னு. நிறையப் புத்தகத்துல அவர் கையெழுத்து இருக்கு. அதத்தான் நான் கவனிக்கச் சொல்றேன். வாங்கி வண்டில ஏத்தி அலமாரிக்கு அனுப்பின ஆள் இல்ல அவர். அதையெல்லாம் கைல எடுத்து, திறந்து, பேனாவத் தொட்டு, பேரு போட்டிருக்கார். அத்தனையையும் அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருப்பாரா? யாருக்கு வேணும் அந்தக் கணக்கு! "இருக்கறத முடிச்சுட்டு வாங்குங்க மகாராஜா"ன்னு திவான் யாராவது சொல்லி அவரும் கேட்டிருந்தா, இன்னிக்கு தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் நமக்கு இந்த ரூபத்துல கிடைச்சிருக்காது.

ஆக, வாங்குறது தப்பில்ல. பின்ன எதுதான் தப்பு? இதுக்கு நான் பழைய பதிலத்தான் சொல்லுவேன். ரெகுலரா பாக்கறவங்க "ஆரம்பிச்சுட்டார்யா"ம்பீங்க. பரவால்ல. முளை கட்டின விதை.

டெல்டாக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். விதை நெல்ல ஊற வெச்சு, தண்ணிய வடிச்சு, சாக்குல கட்டி, மேல வைக்கோலப் போட்டு மூடிடுவாங்க. உள்ள சூடு ஏறி, வெள்ளையா முளை எட்டிப் பாக்கும். எட்டிப் பாத்தாச்சுன்னா நாத்தங்கால்ல தெளிச்சுடணும். "ஒரு கல்யாணம் இருக்கு, போயிட்டு வந்து பாத்துக்கலாம்"னு தள்ளினீங்கன்னா, வேர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். சாக்கப் பிரிச்சா பாய் மாதிரி வரும். பிச்சா முளை ஒடியும். விதை நல்ல விதைதான், நாள்தான் தப்பிப் போச்சு.

புதுப் புத்தகம் வாங்கணும்னு உங்களுக்கு வர்ற ஆசை அந்த முளைதாம்மா. கடைல நின்னு பின்னட்டையப் படிக்கிறப்ப வர்ற சூடு இருக்கே, அது ரெண்டு மூணு நாளைக்குத்தான். அதுக்குள்ள திறந்துடணும். முழுசாப் படிக்கச் சொல்லல. அன்னிக்கு ராத்திரியே முன்னுரை, பொருளடக்கம், நடுவுல எங்கயாவது ஒரு அத்தியாயம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அலமாரில வெச்சாலும் உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், ஒரு வருஷம் கழிச்சும் தேடி எடுப்பீங்க. திறக்காம அரிசி டின்னுக்குப் பின்னாடி போனது போனதுதான். ஆசை அங்கயே காஞ்சுடும். அந்த ஏமாத்தத்துக்கு மருந்தா இன்னொண்ணு வாங்குவீங்க. அலமாரி இப்படித்தான் ரொம்புது. நீங்க நிறைய வாங்குறதால இல்ல, நாள் தள்ளிப் போடுறதால.

இன்னொரு காரணமும் இருந்துச்சு, இப்ப இல்ல. முன்னல்லாம் தமிழ்ல ஒரு பதிப்புன்னா 1000 பிரதி, 1200 பிரதி போடுவாங்க. தீந்து போச்சுன்னா மறுபதிப்பு எப்ப வரும்னு பதிப்பாளருக்கே தெரியாது. கண்ல பட்டப்ப வாங்கலேன்னா அப்புறம் பழைய புத்தகக் கடைதான் கதி. அந்தப் பயத்துல வாங்கி வாங்கிப் பழகின கை நம்மளோடது. இப்ப கேக்கக் கேக்க அச்சடிச்சுக் கொடுக்கறாங்க. பழைய நூல் ஏராளமா மதுரைத் திட்டம்ங்கற இணையதளத்துல, தமிழ் இணைய நூலகத்துல சும்மாவே கிடைக்குது. அதனால "விட்டா கிடைக்காதுங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட இனிமே சொல்லாதீங்க, செல்லாது.

உ.வே.சா. கதையையும் சொல்லணும்னு நினைச்சேன். ஏற்கெனவே சொன்னதுதான், சுருக்கமா முடிச்சுடறேன். 1880ல கும்பகோணம் காலேஜுக்குத் தமிழ் வாத்தியாரா வர்றார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டப் படிச்சவர், படிப்புக்குக் குறைச்சலே இல்ல. அந்த ஊருக்கு முன்சீப்பா, அதாவது கோர்ட்டு ஜட்ஜா வந்த சேலம் ராமசாமி முதலியார், "சிந்தாமணி படிச்சிருக்கீங்களா?"ன்னு கேக்கறார். படிக்கல. ஏழே வருஷம், 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்துட்டார். அவர் கைல முளை ஒரு நாள் கூட சாக்குல கிடக்கல.

சரி, இப்ப என்கிட்ட யாருமே கேக்காத ஒரு கேள்வி இருக்கு. "எதை வாங்கலாம்?", "எப்படி வாங்காம இருக்கலாம்?" ரெண்டும் வாராவாரம் வருது. "படிச்சு முடிச்ச புத்தகத்த யார்கிட்ட கொடுக்கலாம்?"னு ஒருத்தரும் கேட்டதில்ல.

எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கார், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பொதுப்பணித்துறைல லஸ்கரா இருந்தவர். மதகு ஏத்தி இறக்குற வேலை. தலைப்புல காவிரின்னு இருந்தா போதும், அந்தப் புத்தகத்த வாங்கிடுவார். கைல எப்பவும் ஒரு கட்டைப் பென்சில். அவர் படிச்சு முடிச்சு எனக்குக் கொடுத்த ஒரு புத்தகத்துல, ஓரத்துல பொடி எழுத்துல எழுதியிருக்கார்: "இந்த மதகு வடகரைல இல்ல. தென்கரை. நானே திறந்திருக்கேன்." எழுதினவர் பெரிய படிப்புப் படிச்சவர்தான். ஆனா அந்த மதகத் தூக்கினது இவர் கை. நான் அதே புத்தகத்தக் கடைல புதுசா வாங்கியிருந்தா, வடகரைன்னே நம்பிக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப அது ரெண்டு பேர் புத்தகம். என்கிட்டேருந்து வாங்கிப் போன பையன் அதுக்குக் கீழ என்னமோ கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கான். ஆடிப்பெருக்கு அன்னிக்கு ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெக்கணும்.

அலமாரிலயே கிடந்தா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல கேக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைல சுவர் ஓதம் ஏறும். சுவரோட ஒட்டிப் போட்ட அலமாரில கீழ்த்தட்டுப் புத்தகம் உப்பிப் போய், பக்கம் பக்கமா ஒட்டிக்கும். அப்புறம் ராமபாணப் பூச்சி. முதல் பக்கத்துல ஊசி குத்தினாப்ல ஒரு ஓட்டை போட்டுச்சுன்னா கடைசிப் பக்கம் வரைக்கும் நேரா போகும். நீங்க படிக்காதத அது ஒரு பக்கம் விடாம முடிச்சுடும். சரஸ்வதி மகால்ல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இதெல்லாம் பொடி பண்ணி, கற்பூரம் சேத்துத் துணில முடிஞ்சு சுவடிக்கு நடுவுல வெக்கிற பழக்கம் உண்டு. வீட்டுலயும் செய்யலாம். அலமாரிய சுவத்துலேந்து நாலு விரக்கடை தள்ளிப் போடுங்க. ஆனா அடிக்கடி கை மாறுற புத்தகத்துக்கு இந்த வைத்தியமெல்லாம் தேவையே படாது.

இத நானா சொல்லல. நம்ம சீர்காழிக்காரர் ஒருத்தர் சொல்லிட்டார். எஸ்.ஆர். ரங்கநாதன், 1892ல பொறந்தவர். கணக்கு வாத்தியாரா இருந்துட்டு 1924ல மதராஸ் யூனிவர்சிட்டிக்கு நூலகரா போனார். 1931ல நூலகத்துக்குன்னு அவர் எழுதி வெளியிட்ட அஞ்சு விதில ரெண்டாவது, வாசகர் ஒவ்வொருத்தருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, புத்தகம் ஒவ்வொண்ணுக்கும் அதுக்கான வாசகர். நாமல்லாம் ரெண்டாவதுலயே நின்னுடறோம். எனக்கான புத்தகம் எங்கே, எங்கேன்னு அலையறோம். மூணாவதுதான் உங்க அலமாரிக்கான விதி. அதுல பாதிப் புத்தகத்துக்கு வாசகர் நீங்க இல்லம்மா. உங்ககிட்டப் படிச்ச பிள்ளைங்கள்ல யாரோ ஒருத்தர். யாருன்னு டீச்சருக்குத் தெரியாதா?

உங்க ஊர் நூலகத்துக்கும் ஒரு நடை போங்க. 1948ல நூலகச் சட்டம் வந்ததுலேந்து வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் கட்டுறோம். அங்க இருக்கற புத்தகமும் நீங்க காசு கொடுத்து வாங்கினதுதான். அத ஒளிச்சு வெக்க வேண்டிய அவசியமும் இல்ல.

கடைசியா, இப்ப நான் உங்களக் கேக்கறேன். மன்னார்குடிக்குப் பக்கத்துலதானே மேலவாசல்? அங்க கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தர், அதே 1931ல, மாட்டு வண்டில புத்தகத்த ஏத்தி ஊர் ஊரா அனுப்பினார். நடமாடும் நூலகம். ரங்கநாதனே வந்து தொடங்கி வெச்சார். அந்த வண்டி வந்து நின்னது, அதுலேந்து யாரோ புத்தகம் எடுத்துப் படிச்சதுன்னு உங்க பக்கத்துப் பெரியவங்க யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? என்ன புத்தகம் எடுத்தாங்க, திருப்பிக் கொடுத்தாங்களா? விசாரிச்சு எழுதுங்கம்மா. தனியா ஒரு பேச்சே போட்டுடலாம்.