சஃபேத்: துரத்தப்பட்டவர்கள் எழுப்பிய மலை நகரம்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நம் ஊரிலிருந்து புனித பூமிப் பயணம் போகிற குழுக்கள் திபேரியாவில் தங்கும், கப்பர்நகூமைப் பார்க்கும், கலிலேயாக் கடலில் படகேறும். அங்கிருந்து வடமேற்கே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நகரம் இருக்கிறது. பெரும்பாலான பேருந்துகள் அங்கே ஏறாமலே திரும்பிவிடுகின்றன. “மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது” என்று இயேசு சொன்னது இந்த ஊரை மனத்தில் வைத்துத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை. ஆனால் சஃபேத் என்கிற அந்த ஊருக்குப் போக அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு.

எருசலேம், எபிரோன், திபேரியா, சஃபேத். யூதர்கள் புனிதமாகக் கொள்ளும் நகரங்கள் இந்த நான்கு. இவற்றில் சஃபேத்துக்குப் பெருமை வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். கொண்டுவந்தவர்கள் அகதிகள். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களிடம் ‘மதம் மாறு, இல்லையேல் வெளியேறு’ என்றது. வெளியேறியவர்களில் பலருக்குத் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு இடம் கொடுத்தது. சஃபேத்தும் அதன் ஆட்சிக்குள் வந்த ஊர்தான். சஃபேத்தில் கம்பளி நெசவு செழித்திருந்த காலம் அது. பிழைப்பு கிடைத்த இடத்தில் படிப்பும் வேரூன்றியது. யோசேஃப் காரோ, சிறுவயதிலேயே ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரிய மண்ணைவிட்டு வந்தவர், இங்கே இருந்துதான் ‘ஷுல்ஹான் அருக்’ என்ற சட்டத் தொகுப்பை எழுதி முடித்தார். 1565இல் வெனிஸில் அச்சான அந்த நூலை யூதர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

1570இல் எகிப்திலிருந்து ஐசக் லூரியா வந்தார். 1572இல் கொள்ளைநோயில் இறந்துவிட்டார், வயது 38. அவர் தம் கையால் எழுதியது மிகக் குறைவு. சொன்னவற்றை ஹயீம் விட்டால் உள்ளிட்ட சீடர்கள் எழுதிவைத்தார்கள். கபாலா என்னும் யூத மறைஞானத்தை அந்தச் சொற்பக் காலம் மாற்றிவிட்டது. அவர் சொன்னது இதுதான்: உலகத்துக்கு இடம் தருவதற்காக இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டான். அவனுடைய ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன. ஒளித்துளிகள் எங்கும் சிதறின. அவற்றைத் திரட்டி உலகைச் செப்பனிடுவது மனிதனின் வேலை. இந்தச் சிந்தனைக்குப் பின்னால் 1492இன் காயம் இருக்கிறது என்றார் கெர்ஷோம் ஷோலெம் என்ற அறிஞர். பின்னால் வந்தவர்கள் சிலர் மறுத்தார்கள். அந்தச் சந்துகளில் நடந்தவன் என்ற முறையில் நான் ஷோலெம் பக்கம். வீடிழந்தவர்கள் நடுவே, இறைவனின் ஒளியும் இடம்பெயர்ந்து கிடக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது எப்படிப் போய்த் தைத்திருக்கும்!

லூரியாவின் பெயரில் உள்ள அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) தொழுகைக்கூடம் 1837 நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் கட்டப்பட்டது. கீழே சரிவில் கல்லறைத் தோட்டம். லூரியா, காரோ, கபாலா அறிஞர் கோர்டோவேரோ, கவிஞர் அல்காபெட்ஸ் எல்லோரும் அங்கேதான். கல்லறைகளுக்கும் கதவுகளுக்கும் வானத்தை நினைவூட்டும் நீலம் பூசியிருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் விரைந்து கடக்கும் ஓர் இடம் உண்டு. நகரின் நடுவே இறங்கும் நீண்ட படிக்கட்டு. 1929 கலவரத்தில் இந்த ஊரில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு யூதர், அரபுகள் என்ற இரு சமூகத்தாரின் குடியிருப்புகளையும் பிரிக்க, அப்போது ஆண்ட ஆங்கிலேயர் அந்தப் படிக்கட்டைக் கட்டினார்கள். 1948 மே மாதம் வரை ஊரில் பெரும்பான்மையினர் அரபுகள். இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் அவர்கள் வெளியேறினார்கள், திரும்ப விடப்படவில்லை. பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் 1935இல் பிறந்தது இங்கேதான். அரபுகள் விட்டுப்போன வீடுகளில் இன்று ஓவியர்கள் இருக்கிறார்கள். கண்காட்சிக் கூடம் முன்பு பள்ளிவாசல். துரத்தப்பட்டவர்களால் பெருமை பெற்ற ஊரில் இதைக் கேட்காமல் வருவது எனக்குச் சம்மதமில்லை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஷ்லோமோ அல்காபெட்ஸ் இங்கே எழுதிய ‘லெகா தோதி’ என்ற பாடலை உலகெங்கும் யூதர்கள் வெள்ளி மாலை பாடி ஓய்வுநாளை வரவேற்கிறார்கள். அந்நாளில் சஃபேத்தின் அறிஞர்கள் அதற்காக வயல்வெளிக்கே போவார்களாம். நம் குழுக்களோ வெள்ளி மதியமே கிளம்பிவிடுகின்றன. அன்றிரவு தங்குங்கள். பழைய ஊருக்கு நடந்துபோகிற தூரத்தில் அறை கேளுங்கள், ஓய்வுநாளில் பேருந்து ஓடாது. சாப்பாட்டை மதியமே வாங்கிவையுங்கள். தொழுகைக்கூடத்தில் கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டும்போதே இதையெல்லாம் பேசிவிடுங்கள். பயணத்திட்டம் அச்சானபின் மாற்றமாட்டார்கள்.