குப்பி 2,843 யுவான்: சீன பயோடெக் வளர்ந்த கதை

வணக்கம் நண்பர்களே. கடந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், "சீனாக்காரர்களுக்கு மருந்தைக் காப்பியடிக்கத்தான் தெரியும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. எதிரே அமர்ந்திருந்த யாரும் அதை மறுக்கவும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பேச்சில் பாதியாவது உண்மை இருந்தது. இன்று அது வெறும் அறியாமை.

2015இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் சுமார் 22,000 விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அந்த ஆண்டு ஜூலையில், 1,622 விண்ணப்பங்களின் சோதனைத் தரவுகளை அந்தந்த நிறுவனங்களே மறுபடி சரிபார்க்க வேண்டும், பொய் இருந்தால் தண்டனை உண்டு என்று ஆணை வந்தவுடன், பெரும்பாலானவை சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நடவடிக்கை இதுதான். குப்பையை அகற்றிய பிறகே நல்ல விண்ணப்பங்களுக்கு வழி கிடைத்தது. 2018இல் இன்னொரு விதியும் வந்தது: 60 வேலை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால், மனிதர்களிடம் நடத்தும் சோதனையைத் தொடங்கிவிடலாம்.

இனி விலைக்கு வருகிறேன். விலையைச் சொல்லாமல் நான் எந்த மருந்தைப் பற்றியும் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சூச்சோவில் உள்ள இன்னோவென்ட் நிறுவனம், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துடன் சேர்ந்து சின்டிலிமாப் என்ற புற்றுநோய் மருந்தைக் கொண்டுவந்தது. நமது நோய் எதிர்ப்பு அணுக்களின் கையைப் புற்றுநோய் கட்டிப்போடும்போது, அந்தக் கட்டை அவிழ்த்துவிடும் பிடி-1 வகை மருந்து அது. 100 மில்லிகிராம் குப்பியின் விலை 7,838 யுவானாக இருந்தது. 2019 நவம்பரில் அரசுக் காப்பீட்டுப் பட்டியலில் இடம்பிடிப்பதற்காக நடந்த பேரத்தில் அது 2,843 யுவானுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு ஹெங்ருய் நிறுவனத்தின் அதே வகை மருந்தான காம்ரெலிசுமாப், 19,800 யுவானிலிருந்து 2,928க்கு விழுந்தது. பத்தொன்பதாயிரத்து எண்ணூறிலிருந்து, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டுக்கு!

இந்தப் பேரம் நடக்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அரசு தரப்பு, தான் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்ச விலையை மூடிய உறைக்குள் வைத்திருக்கும். நிறுவனத்தின் பிரதிநிதிகள் அதைப் பார்க்காமலேயே இரண்டு முறை மட்டும் விலை சொல்லலாம். அதில் குறைந்த விலையும் உறையில் இருக்கும் விலையை 15 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்; தாண்டாவிட்டால்தான் பேரமே தொடங்கும். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

ஹாங்காங்கைச் சொல்லாமல் வந்துவிட்டேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லாத பயோடெக் நிறுவனமும் பங்குச் சந்தையில் நுழையலாம் என்று 2018 ஏப்ரலில் ஹாங்காங் விதியை மாற்றியது. சந்தை மதிப்பு குறைந்தது 150 கோடி ஹாங்காங் டாலர் இருக்க வேண்டும்; ஒரு மருந்தாவது தொடக்கக் கட்டத்தைக் கடந்திருக்க வேண்டும். அப்படி நுழைந்த நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் 'B' என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி முதலீட்டாளரை எச்சரிப்பார்கள். நேர்மையான அடையாளம் அது. பல ஆண்டுகள் நீளும் சோதனைகளுக்குப் பணம் திரட்ட இந்த வாசல் மிகவும் உதவியது.

ஆனால் மருந்து குறிவைக்கும் அதே ஒரு பிடி-1 இலக்கின் மேல் பத்துக்கும் மேற்பட்ட சீன நிறுவனங்கள் வந்து மொய்த்ததை நான் அறவே வெறுக்கிறேன். உள்நாட்டில் விலை இப்படி விழ, கடையும் இப்படிப் பெருக, பிழைக்க வேண்டுமானால் யாரும் செய்யாததைச் செய்து வெளிநாட்டில் விற்றாக வேண்டும் என்ற நிலை வந்தது. சோங்ஷான் நகரத்து அகேசோ நிறுவனம் அதைத்தான் செய்தது. ஒரே மருந்தில் இரண்டு இலக்குகளைப் பிடிக்கும் இவோனெசிமாபை அது உருவாக்கியது. 2022 டிசம்பரில் சம்மிட் என்ற அமெரிக்க நிறுவனம் 50 கோடி டாலர் முன்பணத்துக்கு அதன் வெளிநாட்டு உரிமத்தை வாங்கியது. 2024 செப்டம்பரில் வந்த முடிவைப் பாருங்கள்: நுரையீரல் புற்றுநோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதி நோயாளிகள் தாண்டிய காலம்) இதில் 11.14 மாதம், உலகமே கொண்டாடும் பிடி-1 மருந்தான கீட்ரூடாவில் 5.82 மாதம். சோதனை முழுவதும் சீனாவில் மட்டுமே நடந்ததால், மற்ற நாட்டு நோயாளிகளிடமும் இது நிற்கிறதா என்று பார்க்க வேண்டியது அவசியம்தான். ஆனாலும் இதைக் காப்பி என்று எவர் சொல்வார்? 2025 மே மாதத்தில் இதே பாணியிலான மருந்துக்காக ஷென்யாங் நகரத்து 3எஸ்பயோவுக்கு ஃபைசர் ஒப்புக்கொண்ட முன்பணம் 125 கோடி டாலர்.

தைவானையும் விட்டுவிட முடியாது. அரிய இரத்த நோய் ஒன்றுக்கு அங்குள்ள ஃபார்மாஎசென்ஷியா நிறுவனம் உருவாக்கிய பெஸ்ரெமி என்ற மருந்து, 2021 நவம்பரில் அமெரிக்க அனுமதியைப் பெற்றது.

கடைசியாக இன்னொரு விலை. சீனாவின் ஜுன்ஷி நிறுவனம் உருவாக்கிய பிடி-1 மருந்தான டோரிபாலிமாப், சீனாவில் 300 டாலரைக்கூடத் தொடாத அதே குப்பி, அமெரிக்காவில் 8,892 டாலருக்கு அறிமுகமானது. 2024 நவம்பரில் டாக்டர் ரெட்டீஸ் அதை இந்தியாவுக்கும் கொண்டுவந்துவிட்டது. அடுத்த காணொளியில் நான்ஜிங்கில் வேர்விட்ட லெஜண்ட் நிறுவனத்தின் செல் சிகிச்சையை எடுத்துக்கொள்கிறேன். அங்கே விலை இன்னும் பயங்கரம்.