யாரும் வெட்டாத மண்டபம்

வணக்கம். கம்ப்யூட்டர் கேம் பத்திப் பேச வானொலில கூப்பிடுவாங்கன்னு நான் நெனச்சதே இல்ல, வீட்ல இன்னும் நம்பல. நான் பேசப்போறது டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் பத்தி. குள்ளர் கோட்டைன்னு தமிழ்ல சொல்லலாம்தான், ஆனா யாரையோ கிண்டல் பண்ற மாதிரி இருக்கும், அதனால டுவார்ஃபுன்னே சொல்லிடறேன். அமெரிக்காவுல டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 2006ல வெளியிட்டது. ரொம்ப வருஷம் படமே கிடையாது, எழுத்தும் குறியும்தான், 2022 டிசம்பர்ல ஸ்டீம்ங்கற கேம் விக்கற ஆன்லைன் கடைல வந்தப்பதான் கொஞ்சம் லட்சணமாச்சு. ஏழு டுவார்ஃபோட எறங்கி மலையக் குடைஞ்சு கோட்டை கட்டணும், அவ்ளோதான் ஆட்டம்.

ஆனா கம்ப்யூட்டரே கட்டி வெச்ச கோட்டைங்களும் இருக்கு. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஒலகத்தையும் அதோட சரித்திரத்தையும் அதுவே உருவாக்கிடும், 2014ல வந்த வெர்ஷன்லேர்ந்து அந்த ஒலகத்துல இருக்கற டுவார்ஃப் கோட்டைக்குள்ள நாமளே ஒரு ஆளா நடந்து போகலாம். நான் போனேன். சுத்திச் சுத்திக் கீழ போற சாய்வு, எறங்க எறங்க தளம், தளத்துக்குத் தளம் கூடம், கூடத்துக்குப் பக்கத்துல இன்னொரு கூடம், கல்யாண மண்டபத்த பந்தி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பாத்தா எப்படி இருக்கும், அப்படி. திரும்பி வர வழி தெரியாம அரைமணி நேரம் சுத்தினேன்.

ஏன் இவ்ளோ பெருசுன்னு யோசிச்சா, அத யாரும் வெட்டல, அதான். நம்ம கோட்டைல ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு டுவார்ஃப் பிக்காசோட போய் நின்னு வெட்டணும், வெட்டின கல்ல இன்னொருத்தன் தூக்கிட்டுப் போகணும். அந்தப் பழைய மண்டபத்தப் பாத்துட்டு வந்த வேகத்துல நானும் 40க்கு 40ல ஒரு சாப்பாட்டுக் கூடம் போட்டேன். 1600 கட்டம்! ரெண்டே பேர் வெட்டறாங்க, வெளிய மழைக்காலம் போய் பனிக்காலம் வந்துடுச்சு.

முடிஞ்சப்புறம்தான் வேடிக்க. டுவார்ஃபுக்கு சாராயம் இல்லன்னா வேல ஓடாது. பீப்பாய் ஒரு மூலைல, பட்டறை இன்னொரு பக்கம், கொல்லன் சுத்தியலக் கீழ போட்டுட்டு அந்தக் கூடம் முழுக்க நடந்து போய் ஒரு மடக்கு குடிச்சிட்டு திரும்பி நடந்து வர்றான், வந்ததும் தூக்கம் வந்துடுது. இதுக்கு நடுவுல ஒவ்வொருத்தனுக்கும் வழி கண்டுபிடிக்கற வேலைய கம்ப்யூட்டர் செய்யணும், ஆளு கூடக்கூட அது மூச்சு வாங்கும், கடைசில ஆட்டமே நத்தை மாதிரி ஊரும். எஃப்பிஎஸ் டெத்துன்னு இதுக்குப் பேரே இருக்கு, எஃப்பிஎஸ்னா ஒரு நொடிக்கு திரைல எத்தன படம் ஓடுதுங்கற கணக்கு.

இதுல இன்னொரு கூத்து, ஒரு கட்டம் எத்தன அடின்னு கேமுல அளவே கிடையாது, பூனையும் ஒரு கட்டம்தான், டிராகனும் ஒரு கட்டம்தான். அப்போ என் கூடம் பெருசா சின்னதான்னு எதவெச்சு சொல்றது? கொல்லன் நடக்கறத வெச்சுதான். பாதிக் கூடத்துக்கு சுவர் எழுப்பிட்டேன், பீப்பாய் எல்லாம் இப்ப பட்டறை வாசல்லயே இருக்கு.