பழைய மாருதி ஜென் காருக்கு அகல டயர் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம் இந்த கீறல பாத்துட்டு போங்க!

(கேமரா முன் சக்கரத்துக்கு மேல, ஃபெண்டர் உள்பக்கம்)

வணக்கம் மக்களே! இங்க பாருங்க, டார்ச் அடிக்கறேன். ஃபெண்டர், அதான் சக்கரத்த மூடற தகடு, அதோட உள் ஓரம், ஒரு விரல் நீளத்துக்கு பெயின்ட் போயி தகடு பளபளன்னு மின்னுது. இத எந்த லாரியும் இடிக்கல, எந்த ஆட்டோவும் உரசல. இந்த வண்டியோட சொந்த டயரே ரெண்டே மாசத்துல சுரண்டுன எடம் இது. எப்படின்னு சொல்றேன், கடைசி வரைக்கும் இருங்க, ஏன்னா டயர் கடையில இத யாரும் சொல்ல மாட்டாங்க.

வண்டி எங்கப்பாவோடது, 99 மாடல் மாருதி ஜென், பவர் ஸ்டியரிங் இல்லாதது. ஜென் 1993ல வந்துச்சு, 2006ல நிறுத்திட்டாங்க, அந்த கதை எல்லாருக்கும் தெரியும், நேரா டயருக்கு வரேன்.

கம்பெனி டயர் 145/70 ஆர் 13. 145ன்னா டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 70ன்னா அந்த அகலத்துல 70 பர்சென்ட் சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) ஒசரம், அதாவது 101.5 மில்லிமீட்டர். 13ன்னா ரிம்மோட விட்டம், இன்ச்ல. மேல கீழ ரெண்டு சைடுவாலையும் ரிம்மையும் கூட்டுனா மொத்த ஒசரம் 533 மில்லிமீட்டர். இந்த 533ஐ மனசுல வெச்சுக்கோங்க, இன்னிக்கு வீடியோவே இதுதான்.

நான் புதுப்பேட்டைல செகண்ட்ஸ்ல 14 இன்ச் அலாய் ரிம் எடுத்து 185/60 போட்டேன். பாக்க செம்மயா இருந்துச்சு, தெருவுல பசங்க எல்லாம் வந்து நின்னு போட்டோ எடுத்தாங்க. ஆனா கணக்கு போட்டு பாருங்க, 185ல 60 பர்சென்ட் 111, ரெண்டு பக்கம் 222, அதோட 14 இன்ச்னா 355.6, மொத்தம் 577 சொச்சம். ஒரிஜினல விட 8 பர்சென்டுக்கு மேல பெருசு! அப்ப இன்னா ஆவும்? ஸ்பீடாமீட்டர் 60னு காட்டும், வண்டி நெசத்துல 65ல போவும். இன்னொன்னு கேளுங்க, இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், நெறைய பேர் "அகல டயர் போட்டதுல மைலேஜ் போச்சு"ன்னு பொலம்புவாங்க இல்ல, அதுல ஒரு பங்கு மீட்டர் சொல்ற பொய்! டயர் பெருசானதால ஒரு சுத்துக்கு அதிக தூரம் போவும், ஆனா மீட்டருக்கு அது தெரியாது, நீங்க 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தா அது 92னுதான் எழுதும். மீதி பங்கு நெசமாவே போச்சு, டயரும் ரிம்மும் வெயிட்டு, உருள்றதுக்கு இழுவையும் ஜாஸ்தி. பெரம்பூர் மேம்பாலத்துல ஏசிய போட்டுகினு நாலு பேரோட ஏறுனா தேர்டுல மூச்சு வாங்கும், செகண்டுக்கு வந்தே ஆவணும்.

அந்த கீறல் எப்ப வந்துச்சு தெரியுமா? தனியா ஓட்டும்போது ஒண்ணுமே இல்ல. குடும்பத்தோட திருவொத்தியூர் கோயிலுக்கு போனோம், பின்னாடி மூணு பேர், டிக்கில சாமான், ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல ஸ்டியரிங்க ஒடிச்சு எறக்குனேன், "க்ர்ர்ர்"னு ஒரு சத்தம், அப்பறம் ரப்பர் கருகுன நாத்தம். அம்மா வண்டி பத்திக்கிச்சுன்னே நெனச்சாங்க. அதனால டயர் போட்டதும் காலி வண்டிய சுத்தி சுத்தி பாத்துட்டு ஓகேன்னு கெளம்பாதீங்க, ஆள ஒக்கார வெச்சு, ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஒரு பள்ளத்துல எறக்கி பாருங்க.

இப்ப மெயின் கேள்வி. அகல டயர் போட்டா ரோட்ட தொடற எடம் அதிகமாவும், க்ரிப் அதிகமாவும், அப்படித்தானே நெனைக்கறோம்? நானும் அப்படித்தான் நெனச்சேன். தண்டையார்பேட்டைல பஞ்சர் கடை வெச்சிருக்கற ஒரு அண்ணன்தான் கேட்டாரு, "தம்பி, டயரு அகலமா கீது, சரி. வண்டி வெயிட்டு ஏறல, காத்தும் அதே 30தான் புடிக்கற. அப்பறம் எப்பிடிப்பா எடம் மட்டும் ஏறும்?" அப்படியே நின்னுட்டேன்.

வண்டிய தாங்கறது உள்ள இருக்கற காத்து. காத்தழுத்தம் 30 பிஎஸ்ஐன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டு கிலோ சொச்சம். ரெண்டு பேர் ஒக்காந்த ஜென் சுமார் 900 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 225. வகுத்தா சுமார் 107 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு போஸ்ட் கார்டு, கொஞ்சம் சின்னதாவே. 145 போட்டாலும் அந்த கார்டுதான், 185 போட்டாலும் ஏறக்குறைய அந்த கார்டுதான், திருப்பி வெச்சிருக்கோம், அவ்ளோதான்! தோசை ஊத்தறத நெனச்சுக்கோங்க. ஒரு கரண்டி மாவு, நீளமா இழுங்க, அகலமா இழுங்க, மாவு ஒரு கரண்டிதானே? ஒல்லி டயர்ல தோசை நீட்டுவாக்குல நீளம், அகல டயர்ல குறுக்குவாக்குல நீளம்.

அப்ப அகலத்துல லாபமே இல்லயான்னா, இருக்கு. குறுக்கு தோசை திரும்பும்போது கம்மியா நெளியும், ஸ்டியரிங் திருப்புன ஒடனே மூக்கு திரும்பும். சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ஒரு காலத்துல ரேஸ் நடந்துச்சு இல்ல, அந்த மாதிரி காஞ்ச ரோட்டுல அது சொகம். ஆனா மழை? காசிமேட்டுல போட்டோட மூக்க பாத்திருப்பீங்க, கூரா இருக்கும், அலைய கிழிச்சுகினு போவும். பலகை மாதிரி மொட்டையா இருந்தா தண்ணி மேல ஏறிக்கும். டயரும் அதேதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி அழுத்தி அழுத்தி ரெண்டு வாய்க்கால் மாதிரி பள்ளமாயிருக்கும், அதுல தண்ணி நிக்கும்போது எடை இல்லாத வண்டில அகல டயர் போட்டு 70ல போனீங்கன்னா ஸ்டியரிங் கையில லேசா ஆயிடும். அந்த ஒரு செகண்ட் எனக்கு ஆச்சு மக்களே, வவுறு கலங்கிடுச்சு. வெளையாட்டு இல்ல.

ரிம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆவணும். நட்டு ஏறிடுச்சுன்னா ரிம் செட்டாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நாலு நட்டு ஒக்கார்ற வட்டத்தோட அளவு பிசிடி. ஃபியட் பாலியோ ரிம் 98 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் 100. கண்ணுல பாத்தா வித்தியாசமே தெரியாது, ஸ்பேனர் போட்டா ஏறவும் ஏறும், ஆனா நட்டு கோணலா ஒக்காந்து ஓட ஓட லூசாவும். "ஏறுதுப்பா, போட்டுக்கோ"ன்னு யார் சொன்னாலும் எறங்கி வந்துடுங்க. ரிம் வெளிய ரொம்ப நீட்டிகினு இருந்தா வீல் பேரிங் சீக்கிரம் போவும், பள்ளத்துல ஸ்டியரிங் கைய ஒதைக்கும்.

சரி, கடைசில இன்னா போட்டேன்? அதே 13 இன்ச், 165/65. மொத்த ஒசரம் 545, ஒரிஜினலுக்கும் இதுக்கும் 2 பர்சென்ட்தான் வித்தியாசம், மூணுக்குள்ள இருந்தா நிம்மதி. ரிம்ல நாலரை ஜே, அஞ்சு ஜேன்னு குத்தியிருக்கும், அது ரிம்மோட அகலம், இன்ச்ல, 165/65க்கு நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ஓகே, 175/60க்கு கொறஞ்சது அஞ்சு வேணும்.

அத விட முக்கியம், தேதி! சைடுவால்ல ஓவல் கட்டத்துல நாலு நம்பர் இருக்கும். 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. 13 இன்ச் இப்ப மெதுவாதான் விக்குது, கடையில வருஷக்கணக்கா தூங்கிகினு இருக்கும், பளபளன்னு பாலிஷ் போட்டு எடுத்து தருவாங்க. கெட்டியாயிட்ட அகல டயர விட புதுசா வந்த ஒல்லி டயர் ஆயிரம் மடங்கு மேல், இது என்னோட கருத்து, சண்டைக்கு வரவங்க கமெண்ட்டுக்கு வாங்க.

டயர்னதும் ஒரு விஷயம் சொல்லாம போனா திருவொத்தியூர்காரங்க கோச்சுக்குவாங்க. எம்ஆர்எஃப் 1946ல நம்ம திருவொத்தியூர்லதான் ஆரம்பிச்சாங்க, அப்ப டயர் இல்ல, கொழந்தைங்க வெளையாடற பலூன்! மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, பேர்லயே நம்ம ஊரு கீது, ரேஸ் கார் டயர் வரைக்கும் போயிட்டாங்க. நம்ம ஏரியால பொறந்த சாமான் மக்களே, பெருமையா இருக்கு!

(கேமரா டிரைவர் சீட்)

போன ஞாயித்துக்கெழம அப்பா காசிமேட்டுக்கு மீன் வாங்க வண்டிய எடுத்தாரு. பழைய அலாய் இருந்தப்ப ரிவர்ஸ் எடுக்க ரெண்டு கையாலயும் தொங்கி இழுப்பாரு, தோள்பட்டை வலின்னு தைலம் தடவுவாரு. இந்த வாட்டி ஒரு கையில மீன் பைய புடிச்சுகினே ஸ்டியரிங்க திருப்பிட்டாரு. "இப்பதான்டா நம்ம வண்டி மாதிரி கீது"ன்னாரு.

உங்க வண்டி சைடுவால்ல இருக்கற சைசையும் அந்த நாலு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க, எத்தன வந்தாலும் ஒக்காந்து கணக்கு போட்டு பதில் போடறேன்.