முறுக்குகிற இரண்டு எழுத்துகள்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றைக்கு இரண்டே இரண்டு எழுத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். டபிள்யூ, அதை ஒட்டி ஆர். இந்த ஜோடியில் தொடங்குகிற சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள். பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம், அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு டிக்டேஷன். ரிஸ்ட் என்றார் வாத்தியார், மணிக்கட்டு. நான் ஆர் ஐ எஸ் டி என்று எழுதினேன், காதில் விழுந்ததைத்தானே எழுத முடியும்? முன்னால் ஒரு டபிள்யூ வரவேண்டுமாம். "சத்தமே வராத எழுத்து எதுக்கு சார்?" என்றேன். "அது அப்படித்தான், நூறு தடவை எழுதிட்டு வா" என்றார். எழுதினேன். நூறு தடவை எழுதியும் காரணம் மட்டும் தெரியவில்லை. அந்த 'அது அப்படித்தான்' இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் அது அப்படித்தான் இல்லை, காரணம் இருக்கிறது.

அதைச் சொல்ல என் அப்பத்தாவைத்தான் கூப்பிட வேண்டும். வீட்டில் விசேஷம் என்றால் இரண்டாம் கட்டில் வெள்ளைத் துணியை விரித்து அப்பத்தா கைமுறுக்குச் சுற்ற உட்கார்ந்துவிடும். அச்சில் பிழிகிற முறுக்கு இல்லை, கையால் சுற்றுவது. ஒரு உருண்டை மாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிக் கிள்ளித் திருகி, நடுவிலிருந்து வெளியே வெளியே வட்டமாக விட்டுக்கொண்டே வரும். மாவு இழை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு துணியில் இறங்கும். அப்போது பார்க்க வேண்டியது விரலை இல்லை, மணிக்கட்டை. திரும்புவதெல்லாம் மணிக்கட்டுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்து பார்ப்பேன், இழை அறுந்து அறுந்து போகும். "கைய இறுக்காதய்யா, மணிக்கட்ட விட்டுக் குடு" என்று சொல்லும்.

சரி, விஷயம் இதுதான். அந்த ரிஸ்ட் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பதே திருகுவது, முறுக்குவது என்ற பொருள்தான். திரும்புகிற இடம், அதனால் அந்தப் பேர். அது மட்டும் இல்லை, டபிள்யூ ஆர் குடும்பத்தில் பாதிக்கு மேல் முறுக்குகிற சொற்கள். ரிங், மோதிரம் இல்லை, டபிள்யூ போட்ட ரிங். கிணற்றடியில் நனைந்த கண்டாங்கிச் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து, அவர் அந்தப் பக்கமும் இவர் இந்தப் பக்கமும் திருக, நடுவில் கயிறாய்த் திரண்டு தண்ணீர் கொட்டுமே, அந்தப் பிழிதல்தான் ரிங். ரெஞ்ச், நம்ம பிளம்பர் 'பைப் ரிஞ்சு' என்கிறாரே, அது. ரீத், வளைத்துக் கட்டிய மலர்வளையம். ரெஸ்ல், ஒருவரை ஒருவர் முறுக்கி மடக்குகிற மல்யுத்தம். ரிங்கிள், தோல் சுருக்கம். ரை, கோணல், முகத்தைக் கோணிக்கொள்வது. ராத் என்றால் கடுங்கோபம். கோபத்துக்கும் முறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், "அவன் முறுக்கிக்கிட்டு நிக்கிறான்" என்று நாமே தினமும் சொல்கிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராங். தப்பு என்று மனப்பாடம் செய்திருப்போம், அதன் பழைய பொருள் வளைந்தது, கோணலானது. அதற்கு எதிரான ரைட்டுக்கு, பஸ்ஸில் கண்டக்டர் "ரைட், போலாம்" என்பாரே அந்த ரைட்டுக்கு, பழைய பொருள் நேரானது. இப்போது தமிழுக்கு வாருங்கள். நேர் என்பதிலிருந்து நேர்மை. செங்கோல் வளையாத கோல், கொடுங்கோல் வளைந்த கோல். எங்கேயோ குளிர் நாட்டில் இருந்தவர்களும் வைகைக்கரையில் இருந்தவர்களும் நல்லதை நேர் என்றும் கெட்டதைக் கோணல் என்றும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், ராங்குக்கு முன்னால் இருக்கிற டபிள்யூவை விடவே மாட்டார்கள்.

அப்புறம், அந்தச் சத்தம் எங்கே போயிற்று? முன்பு அது இருந்தது. பழைய ஆங்கிலத்தில் டபிள்யூவையும் ஆரையும் சேர்த்தேதான் உச்சரித்தார்கள். டச்சுக்காரர்கள் இப்போதும் இந்த ரிங்கை 'வ்ரிங்கன்' என்று வகரம் கேட்கத்தான் சொல்கிறார்கள். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார், அச்சு பரவப் பரவ எழுத்து ஒரு நிலைக்கு வந்துவிட்டது, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது, ஆள் குடிபோன பிறகும் வாசலில் பேர் மாட்டியிருக்கிற மாதிரி.

எல்லாமே முறுக்கு என்று நான் சொல்லவில்லை. ரென் என்கிற சின்னக் குருவிக்கும் இதற்கும் உறவில்லை. எழுதுவது என்கிற ரைட் கூட வேறு வழி, அதன் பழைய பொருள் கீறுவது. நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருக்கிறதே, அந்தக் காரியத்துக்கு அவர்கள் வைத்த பேர் அது. ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிஷம்தானாம். ஆசாரிமார்களைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரைட் என்று இன்னொன்று உண்டு, டபிள்யூ ஆர் ஐ ஜி ஹெச் டி, செய்கிறவர் என்று பொருள். வீல்ரைட் வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி, ஷிப்ரைட் கப்பல் கட்டுகிறவர், ப்ளேரைட் நாடகம் எழுதுகிறவர். இது முறுக்கு இல்லை, வொர்க், வேலை என்ற சொல்லின் உறவு. கே என் குடும்பம் ஒன்று உண்டு, முழங்காலுக்கு நீ, முடிச்சுக்கு நாட், கத்திக்கு நைஃப், அதிலும் கே ஒரு காலத்தில் சத்தம் போட்டதுதான். அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.