எதிர்ப்பாற்றல் அடுப்படியில்தான்: அன்றாட உணவு அணியின் உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குத் திரண்டிருக்கும் சேலத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நோய் எதிர்ப்பாற்றலுக்குப் பெரிதும் துணை நிற்பது அன்றாட உணவா, கடையில் வாங்கும் சத்து மாத்திரையா என்பது இன்றைய வழக்கு. நல்ல பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் அடைத்த மாத்திரை கைக்கு எட்டும்போது கூழும் கீரையும் எதற்கு என்று கேட்டுவிட்டு எதிரணித் தலைவர் அமர்ந்தார். தடுப்பூசியையும் மருத்துவர் எழுதித் தரும் மருந்தையும் இதில் இழுக்க வேண்டாம். அவற்றின் இடத்தை உணவு நிரப்பாது என்பதை ஒப்புக்கொண்டுதான் எங்கள் அணி மேடையேறியிருக்கிறது.

நடுவர் அவர்களே, உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் ஏராளமானவை குடலை ஒட்டியே குடியிருக்கின்றன. ஏனெனில் நாம் விழுங்கும் அனைத்திற்கும் இரத்தத்திற்கும் இடையே அங்கே நிற்பது ஒற்றை உயிரணு அடுக்காலான மெல்லிய சுவர்தான். அதுவும் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலை அடையும்போது, அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள் அந்தப் பியூட்டிரேட்தான். மட்டுமீறிய அழற்சியை அடக்கும் டி உயிரணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகவும் அது துணைபுரிகிறது. நார் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? மனிதக் குடல் பாக்டீரியாக்களை எலிகளுக்குள் குடியேற்றிச் செய்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்றன.

அங்கே நாரைத் தராமல் நல்ல பாக்டீரியாவை மட்டும் மாத்திரையால் அனுப்புவது, உணவில்லாத வீட்டுக்கு விருந்தாளிகளை அனுப்புவதற்கு ஒப்பானது. 2018இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக் உண்டபின் இத்தகைய மாத்திரை எடுத்தவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் மீண்டு வரத் தாமதமே ஆனது.

உணவின் பக்கமும் சான்று இருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். தயிர் முதலிய நொதித்த உணவுகளைப் 10 வாரம் உண்ட குழுவினரின் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின; இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டிய குழுவில் அந்தப் பெருக்கம் காணப்படவில்லை என்பதை எதிரணி எடுத்துக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது நாருக்கு எதிரான தீர்ப்பாகாது, புளித்ததும் நாரும் தட்டில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கான காரணமே ஆகும். இட்லியிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டென்று எங்கள் அணியிலேயே ஒருவர் சொன்னார். ஆவியில் அவை மடிந்துவிடுகின்றன என்பதால் அந்த வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மாவு புளித்ததால் செரிமானம் எளிதாகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

நம் ஊரையே பாருங்கள். ஜவ்வரிசியால் சேலம் புகழ்பெற்றது; 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் எனக்கும் பெருமைதான். ஆயினும் மரவள்ளியிலிருந்து மாவுப்பொருளை மட்டும் பிரித்தெடுக்கும்போது நார் அத்தனையும் திப்பியாக வெளியேறி மாட்டுத் தீவனமாகிறது. மாடு நாரையும் மனிதர் மாவையும் உண்ணும் ஊரில், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாக விளைவித்த சாமையையும் கேழ்வரகையும் மறந்துவிட்டு மாத்திரைக் கடையில் வரிசையில் நிற்கிறோம்.

சமைக்க நேரமில்லை என்றார் எதிரணிச் சகோதரி. மிஞ்சிய சோற்றை ஆறவிட்டுச் சுத்தமான நீர் ஊற்றி மூடி வைக்க இரண்டு நிமிடம் போதும். ஆறிய மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிமானத்திற்கு மசியாமல் பெருங்குடலை அடைந்து நாரின் வேலையைச் செய்கிறது. இரவில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காலையில் உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன. உப்பைக் குறைத்து, சின்ன வெங்காயமும் மோரும் சேர்த்து, காலையிலேயே உண்டுவிட வேண்டும். ஓர் இரவுக்கு மேல் வைக்கலாகாது. மாத்திரைப் புட்டி ஒன்றின் விலையில் இந்தக் காலை உணவு ஒரு குடும்பத்திற்கு எத்தனை நாள் வரும் என்பதையும் கணக்கிட்டு, அன்றாட உணவுக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.